உலுரு மூடப்படவில்லை, ஏறுவதுதான் நின்றது

சேர், தரம் 10 பிள்ளைகளுக்காக நீங்கள் போட்ட குறிப்பில் ‘ஆட்கள் விழுந்து செத்ததால் அவுஸ்திரேலிய அரசு 2019இல் உலுருவைச் சுற்றுலாப் பயணிகளுக்கு மூடியது’ என்று இருக்கிறது. கீழே நாலைந்து பேர் அப்படியே பகிர்ந்தும் விட்டார்கள். அது சரியில்லை.

உலுரு என்ற அந்தப் பெரும் பாறை இருக்கும் பூங்கா திறந்தேதான் இருக்கிறது. அடிவாரத்தைச் சுற்றிப் பத்துக் கிலோமீற்றர் அளவுக்கு நடக்கலாம். 2019 ஒக்டோபர் 26இல் நின்றது ஏறுவது மட்டும். அந்த முடிவை 2017இல் எடுத்தது பூங்காவின் நிர்வாகச் சபை. அதில் பெரும்பான்மை அங்குள்ள பூர்வகுடிகளான அனங்கு மக்கள், அந்த நிலத்தின் உரிமையாளர்கள். 1985இல் நிலம் அவர்களிடம் திரும்பியதும் இதே ஒக்டோபர் 26இல்தான். மரணங்கள் நடந்தது உண்மை, முப்பதுக்கு மேல். ஆனால் அதை மட்டும் சொன்னால் பாடத்தின் உயிரே போய்விடும். ஏறும் பாதை அவர்களுடைய படைப்புக் கதைகளில் வரும் மாலா என்னும் மூதாதையர் சென்ற புனித வழி. மேலே கழிப்பறையும் கிடையாது. மழை வந்தபோது ஏறியவர்களின் அசுத்தமெல்லாம் கீழே நீர்ச்சுனைகளுக்குத்தான் இறங்கியது. ‘தயவுசெய்து ஏறாதீர்கள்’ என்று பல வருடங்களாகப் பலகை வைத்துக் கேட்டும் பார்த்தார்கள்.

அப்புறம், ‘புனித மலையில் ஏறக்கூடாது’ என்ற கடைசி வரியையும் எடுத்துவிடுங்கள். கொழும்புப் பிள்ளைகளில் எத்தனை பேர் நல்லதண்ணிப் பக்கத்தால் சிவனொளிபாதமலை ஏறியிருப்பார்கள்! அங்கே ஏறுவதே வழிபாடு. இரண்டையும் பக்கத்தில் வைத்து, யார் சொல்வது செல்லுபடியாக வேண்டும் என்று வகுப்பில் கேளுங்கள், பிள்ளைகள் நன்றாகவே சண்டை பிடிப்பார்கள்.