ஃப்ரீ ராடிக்கலை அடியோடு ஒழித்தால் முறிந்த எலும்பு சேருவதும் தடைப்படும்

"முறிந்த எலும்பு ஒன்றுசேரத் தாமதமாவதற்கு ஃப்ரீ ராடிக்கல்தான் காரணம். அதை அடக்கும் ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரையை அதிக டோஸில் போட்டால் போதும், எலும்பு ஆறுவதற்காக உடலுக்குள் வைக்கும் புதிய பயோமெட்டீரியல்களும் அதையேதான் செய்கின்றன" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். இதில் பாதிதான் சரி. மீதியை நம்பி யாரும் மாத்திரை வாங்கிவிடக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன்.

எலும்பு முறிந்ததும் அந்த இடத்தில் ரத்தம் கட்டுகிறது. அதற்குள் வரும் வெள்ளை அணுக்கள் சூப்பராக்சைடு, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற, எளிதில் வினைபுரியும் ஆக்ஸிஜன் மூலக்கூறுகளைத் தாங்களே உருவாக்குகின்றன. இவற்றைத்தான் பொதுவாக ஃப்ரீ ராடிக்கல் என்கிறோம். கிருமியைக் கொல்ல அவைதான் ஆயுதம். பழைய எலும்பை அரித்தெடுக்கும் செல்களுக்கும் அவை சமிக்ஞை. மொத்தமாகத் துடைத்துவிட்டால் ஆறுவதற்கே இடைஞ்சல். சர்க்கரை நோயிலும் முதுமையிலும் நடப்பதுபோல அவை அளவு மீறி நீடித்தால்தான் எலும்பைக் கட்டும் செல்கள் சாகின்றன.

அப்புறம், பயோமெட்டீரியல் வேலை செய்யும் விதமே வேறு. சீரியம் ஆக்சைடு நுண்துகளில், சீரியம் என்ற உலோகம் இரண்டு மின்னேற்ற நிலைகளுக்கிடையே மாறி மாறி, நம் உடலின் என்சைம்களைப் போலவே பெராக்சைடைச் சிதைக்கிறது, ஒருமுறையோடு தீர்ந்துபோவதில்லை. தயோகீட்டால் என்ற கந்தகப் பிணைப்புள்ள ஹைட்ரோஜெல் (நீர் நிறைந்த ஜெல்) இன்னும் அழகு: ஃப்ரீ ராடிக்கல் மிகுந்த இடத்தில்தான் பிணைப்பு அறுந்து உள்ளிருக்கும் மருந்து வெளியேறும். விழுங்கிய மாத்திரைக்கு அந்த இடம் தெரியாது.

இவற்றில் பெரும்பாலானவை இன்னும் எலி, முயல் சோதனைக் கட்டத்தில்தான் இருக்கின்றன. எலும்பில் உள்ள புரதமான கொலாஜன் உருவாக வைட்டமின் சி தேவை; குறைபாடு இருந்தால் அதைச் சரிசெய்வது வேறு விஷயம். மற்றபடி மருத்துவரைக் கேட்காமல் அதிக டோஸ் எடுக்காதீர்கள்.