உப்பு நார்த்தங்காயும் ஜப்பான் நண்பரும்

வெளிநாட்டு நண்பர் ஒருவர் வீட்டுக்கு வருகிறார் என்றால் நம்மில் பலருக்கு ஒரு பதற்றம் வந்துவிடுகிறது. என்ன சமைப்பது என்ற கவலை அதில் பாதிகூட இல்லை. நம் சாப்பாட்டின் பெருமையை அவருக்கு எப்படிப் புரியவைப்பது என்பதே பெரிய கவலையாக இருக்கிறது. பொங்கல் முடிந்த மறுவாரம், வலங்கைமான் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு என் ஜப்பானிய நண்பர் வந்து மூன்று நாள் தங்கிவிட்டுப் போனார். அதன் பிறகு, இந்தப் பெருமை பேசும் வழக்கத்தை நாம் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. குறிப்பாக, இலையில் விழும் அத்தனையையும் ‘ஈராயிரம் ஆண்டுப் பாரம்பரியம்’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடும் வழக்கத்தை.

முதல் தவறு என்னுடையதுதான். ஸ்ரீபெரும்புதூரில் வேலை பார்க்கும் அவரைத் தஞ்சாவூர் ரயில் நிலையத்தில் வரவேற்று, நேராகப் ‘பாரம்பரிய விருந்து’ என்று பலகை மாட்டியிருந்த ஓர் உணவகத்துக்கு அழைத்துப் போனேன். இலை கொள்ளாத அளவுக்குப் பதார்த்தங்கள் வந்தன. அவற்றுள் காலிஃபிளவர் வறுவலும் ஒன்று. உடன் வந்திருந்த என் சித்தப்பா மகன், இவை எல்லாம் சோழர் காலத்திலிருந்து இப்படியே இருப்பவை என்று நண்பரிடம் உற்சாகமாக விளக்கினான். அவர் மிகுந்த மரியாதையோடு ஒரு கேள்வி கேட்டார்: எங்கள் நாட்டுக்கு மிளகாய் போர்த்துக்கீசியர் வழியாக வந்தது என்று சொல்வார்கள், உங்களுக்கு அதற்கு முன்பே இருந்ததா? தம்பி தண்ணீர் குடிக்கத் தொடங்கிவிட்டான். மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு மூன்றும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்தவை என்பதையும், மிளகு என்ற பழைய சொல்லோடு காயைச் சேர்த்தே நாம் மிளகாய்க்குப் பெயர் வைத்தோம் என்பதையும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. சாம்பாரே தஞ்சை மராட்டியர் அரண்மனையில் பிறந்தது என்று ஒரு கதை உலவுகிறது. அந்தக் கதை எவ்வளவு தூரம் உண்மையோ, ஆனால் அதைச் சொன்னபோதுதான் நண்பர் முதன்முறையாகச் சாம்பாரை இன்னொரு கரண்டி கேட்டு வாங்கினார்.

மறுநாள் வீட்டில் வேறு மாதிரியான சங்கடம். அம்மா பரிமாறினார், இலை காலியானால் பரிமாறுவதுதான் அவருக்குத் தெரிந்த மரியாதை. போட்ட சோற்றில் ஒரு பருக்கையும் மீதி வைக்காமல் சாப்பிடுவது நண்பர் வளர்ந்த வீட்டின் மரியாதை. இரண்டு மரியாதைகளும் எதிரெதிரே உட்கார்ந்துவிட்டால் என்ன ஆகும்? அவர் வழித்துச் சாப்பிடச் சாப்பிட, “இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்க தம்பி” என்று அம்மா வைத்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் முறை சோறு விழுந்தபோது அவருடைய நெற்றியில் வியர்வை பூத்திருந்ததைக் கண்டுதான் எனக்கு விஷயம் விளங்கியது. இலையை நம் பக்கமாக மடித்துவிட்டால் யுத்தம் முடிந்துவிடும் என்று சொல்லிக் கொடுத்தேன். அதன் பிறகு ஊருக்குப் போகும்வரை அவர் அந்த மடிப்பை ஒரு சடங்கைப் போல இரண்டு கையாலும் செய்தார்.

ஆனால் அவர் கேட்டவற்றுள் என்னை அதிகம் யோசிக்க வைத்தது சோற்றைப் பற்றிய கேள்விதான். அவர் நீகாத்தாக்காரர், கொஷிஹிகாரி அரிசிக்குப் பேர்போன ஊர். குழம்பு ஊற்றுவதற்கு முன்பே வெறுஞ்சோற்றில் ஒரு பிடி எடுத்து வாயில் போட்டு மெதுவாக மென்று பார்த்துவிட்டு, “இவ்வளவு நல்ல அரிசியை ஏன் குழம்புக்குள் ஒளித்து வைக்கிறீர்கள்?” என்று கேட்டார். அவர்கள் வீட்டில் சோறு தனிக் கிண்ணத்தில் வெள்ளையாகவே இருக்கும். மற்றவை அதற்குத் துணை. நமக்கோ பிசைந்தால்தான் சாப்பாடு. அவர்களுடைய அரிசி ஒட்டும் இயல்புடையது, தண்ணீரை முழுவதும் உறிஞ்ச வைத்துச் சமைப்பார்கள், குச்சியால் எடுத்தால் கட்டியாக வரும். நாம் கஞ்சியை வடித்துவிடுகிறோம். பருக்கை உதிரி உதிரியாக நின்றால்தான் ரசம் ஒவ்வொன்றின் மேலும் ஓடிப் படியும். ஒட்டும் சோற்றில் ரசம் ஊற்றினால் அது கட்டியைச் சுற்றிக் குளம் கட்டி நிற்கும். இத்தனை வருடம் தின்ற சோற்றைப் பற்றி இதை நான் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

அன்று மாலை மளிகைக் கடையில் இன்னொரு வேடிக்கை நடந்தது. கடைக்காரர் ஒரு மூட்டையைத் தட்டி, இது ஒரு வருடம் பழசான அரிசி, அதனால்தான் இந்த விலை என்று பெருமையாகச் சொன்னார். நான் மொழிபெயர்த்ததும் நண்பர் தவறாகக் கேட்டுவிட்டதாகவே நினைத்துக்கொண்டார். அவர்கள் நாட்டில் அந்த வருடம் அறுத்த புது அரிசிக்குத்தான் மதிப்பு, பழையது மட்டம். இங்கே புது அரிசி குழைந்துவிடும் என்று பொங்கலுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, சாப்பாட்டுக்குப் பழையதைத் தேடுகிறோம். ஒரே தானியம், ஒருவர் வீட்டுக் குறை இன்னொருவர் வீட்டில் குணம்.

மூன்றாம் நாள் காலை அம்மா அவருக்குப் பொங்கலும் வடையும் செய்து தனியாக வைத்துவிட்டு, எங்களுக்கு மட்டும் சமையலறையில் பழையது கரைத்துக் கொடுத்தார். அவருக்கு இதை எப்படிக் கொடுப்பது என்று கூச்சம். அவர் எட்டிப் பார்த்துத் தனக்கும் கேட்டு வாங்கிக்கொண்டார். தொட்டுக்கொள்ள உப்பு நார்த்தங்காய். சுருள் சுருளாக அரிந்து, உப்பை அடைத்து, பகலில் தட்டில் பரப்பி வெயிலில் வைத்து, இரவில் திரும்பவும் ஜாடியின் உப்புநீரிலேயே போட்டு, நீர் முழுவதும் வற்றும்வரை காய வைத்த பழைய ஜாடிக் காய்; கறுத்து, தோல் மேல் உப்புப் பூத்துக் கிடந்தது. ஒரு துணுக்கைக் கடித்தவர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். காரம் என்று பயந்து அம்மா மோரை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். அவர் கண்ணைத் திறந்து, “என் பாட்டி வீடு” என்றார். அவர்கள் ஊரில் ஊமே என்று ஒரு காய் இருக்கிறது. உப்பில் ஊற வைத்து, கோடையில் மூன்று நாள் வெயிலில் காய வைத்து, சோற்றின் மேல் ஒன்றே ஒன்று வைத்துச் சாப்பிடுவார்களாம். விருந்து இலையின் இத்தனை பதார்த்தங்களும் செய்யாததை, விருந்தாளிக்குக் காட்டக் கூடாது என்று நாங்கள் ஒளித்து வைத்த ஜாடி செய்துவிட்டது.

அதுவரை திண்ணையில் பேசாமல் இருந்த அப்பா அப்போதுதான் பேச்சில் சேர்ந்தார். 1950-களில் ‘ஜப்பான் முறை நெல் சாகுபடி’ என்று அரசாங்கம் ஊர் ஊராகப் பிரச்சாரம் செய்த காலத்தில் அவர் சிறுபிள்ளை. கயிறு பிடித்து வரிசையாக நட்டதை வரப்பில் நின்று வேடிக்கை பார்த்திருக்கிறார். பிறகு 1960-களில் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து குறுவைக்கு வந்த ஆடுதுறை 27 இந்த ஜில்லா முழுவதும் பரவியது. ஜப்பானின் நோரின் 10 என்ற ரகத்தையும், கோயம்புத்தூரில் தேர்ந்தெடுத்த ஜி.ஈ.பி. 24 ரகத்தையும் சேர்த்துப் பிறந்தது அது. இன்று நம் வீடுகளில் பேர் சொல்லி வாங்கும் பொன்னியின் கதையும் அதேதான்: 1986-இல் வெளியான வெள்ளைப் பொன்னியின் ஒரு பக்கம் மலாயாவின் மயாங் எபோஸ் 80, மறுபக்கம், தைவான் ஜப்பானியர் ஆட்சியில் இருந்தபோது அங்கே உருவான தைச்சுங் 65. “அப்ப இவரு நமக்குச் சம்பந்தி முறைல்ல வர்றாரு” என்று அப்பா சொன்னதை மொழிபெயர்க்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

இதை எழுதினால், பாரம்பரியத்தைக் கொச்சைப்படுத்துகிறாய் என்று சிலர் வருவார்கள் என்பது தெரியும். இல்லை. மாப்பிள்ளைச் சம்பாவும் தூயமல்லியும் கருப்புக் கவுனியும் இன்று மறுபடி வயலில் நிற்கின்றன என்றால், 170-க்கும் மேற்பட்ட பழைய நெல் வகைகளைத் தேடி மீட்டு, திருத்துறைப்பூண்டியில் நெல் திருவிழா நடத்தி விதையைக் கைமாற்றிவிட்டு 2018-இல் மறைந்த நெல் ஜெயராமனைப் போன்றவர்கள் பட்ட பாடு அது. அவர் எந்த நெல்லையும் பொத்தாம்பொதுவாகப் ‘பழமை’ என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. ஒவ்வொன்றையும் பேர் சொல்லி அறிந்து வைத்திருந்தார். நாமோ, நம் தட்டில் இருப்பது எந்த ரகம் என்றுகூடத் தெரியாமல், அதன் வயது மட்டும் தெரிந்ததுபோல் விருந்தாளியிடம் பேசுகிறோம். பழையதைப் பழையது என்றும், நேற்று வந்ததை நேற்று வந்தது என்றும் சொல்வதில் நமக்கு என்ன குறைந்துவிடப் போகிறது? கும்பகோணத்துக் காப்பி பித்தளை டம்ளரில் வந்துவிட்டதாலேயே சோழன் குடித்ததாகிவிடுமா? அது பின்னால் வந்தது என்று தெரிந்தே நண்பர் ஒரு நாளைக்கு நான்கு முறை குடித்தார்.

காரத்தைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ‘அவர்களுக்குத் தாங்காது’ என்று நாமே முடிவு கட்டி, குழம்பில் தண்ணீரை விளாவி, அதுதான் நம் குழம்பு என்று கொடுப்பது விருந்தாளிக்கும் நியாயமில்லை, குழம்புக்கும் நியாயமில்லை. வீட்டுக்குச் செய்ததைச் செய்தபடி வைத்துவிட்டு, பக்கத்தில் மோரும் வைத்துவிடலாம். அவர் சாப்பிடும்போது முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்காமல் இருந்தால் இன்னும் நல்லது. பரீட்சை எழுதும் பிள்ளைபோல அவர் மென்று விழுங்குவதை எங்கள் வீட்டில் முதல் நாள் பார்த்தேன்.

நண்பர் ஊருக்குப் போகும்போது திருவையாற்று அசோகா அல்வாவும் வாங்கிக் கொடுத்தோம். அதை அலுவலகத்தில் பகிர்ந்துவிட்டாராம். நார்த்தங்காயை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறார். அம்மாவுக்கு இப்போது வேறொரு சந்தேகம்: மூன்றே நாள் வெயிலில் அந்த ஊமே எப்படிக் காயும், இரவில் அதைத் திரும்ப ஜாடியில் போடுவார்களா மாட்டார்களா என்று அவருடைய பாட்டியிடம் கேட்டுச் சொல்ல வேண்டுமாம். நேற்று கேட்டு எழுதிவிட்டேன். பதில் இன்னும் வரவில்லை.