பழைய மார்ட்டினும் பிரேசில் மரமும்

அமெரிக்க நிறுவனமான மார்ட்டினின் பழைய கிட்டார் என்றாலே பேச்சு உடனே பிரேசில் ரோஸ்வுட்டுக்குப் போய்விடுகிறது. அந்த மரம் இனி கிடைக்காது, அதனால் அந்த நாதமும் இனி வராது என்கிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடு இல்லை.

டி-28 மாடலையே எடுத்துக்கொள்வோம். 1969 வரை அதன் பின்பலகையும் பக்கப் பலகைகளும் பிரேசில் ரோஸ்வுட்தான். பிரேசில் மரத்தடி ஏற்றுமதியைத் தடுத்த பிறகு இந்திய ரோஸ்வுட்டுக்கு, அதாவது நம் ஈட்டி மரத்துக்கு, மார்ட்டின் மாறியது. 1992இல் பிரேசில் மரம், அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் சேர்ந்தது. கிட்டத்தட்ட தடை மாதிரிதான். இதுவரை எல்லோரும் சொல்வார்கள். ஆனால் 1930களின் டி-28 வேறு, 1950களின் டி-28 வேறு என்று அதே ரசிகர்கள்தான் சொல்கிறார்கள். இரண்டிலும் பின்னால் இருப்பது ஒரே மரம்! அப்படியானால் வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

முன்பலகையிலிருந்தும் அதன் அடியில் ஒட்டியிருக்கும் மரச்சட்டங்களிலிருந்தும்தான். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கிட்டார்களில் முன்பலகை அடிரான்டாக் ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரம். எக்ஸ் வடிவச் சட்டங்களைச் செதுக்கி மெலிதாக்கியிருப்பார்கள். கம்பியைத் தொட்டதும் பலகை முழுதாக அசையும். அப்புறம் பலர் தடித்த கம்பிகளைப் போட ஆரம்பித்தார்கள். பலகை அந்த இழுப்பைத் தாங்காமல் பழுதுகள் வந்தன. 1944இன் இறுதியில் சட்டங்களைச் செதுக்குவதையே மார்ட்டின் நிறுத்திவிட்டது. அதே காலத்தில் ஸ்ப்ரூஸும் சிட்கா என்ற வேறு வகையாக மாறியது. செதுக்கிய சட்டம் 1976இல் எச்டி-28 மூலம்தான் திரும்பி வந்தது. நடுவில் இருந்த அந்த முப்பது வருடக் கிட்டார்களும் இன்று பழசுதான். எல்லாம் ஒரே மாதிரி பேசுவதில்லையே.

பின்பலகைக்கு வருகிறேன். இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று எனக்கு மிகவும் பிடிக்கும். பின்பலகை, பக்கப் பலகை மரம் மட்டும் மாறும்படி ஆறு கிட்டார்களைச் செய்யவைத்தார்கள்: பிரேசில் ரோஸ்வுட், இந்திய ரோஸ்வுட், மகோகனி, மேப்பிள், சபேலி, வால்நட். 52 கலைஞர்கள், எது எந்த மரம் என்று கண்ணுக்குத் தெரியாத நிலையில் வாசித்து மதிப்பெண் போட்டார்கள். எல்லா மரத்துக்கும் கிட்டத்தட்ட ஒரே மதிப்பெண். இந்த யோசனையும் புதிதல்ல. 1862லேயே ஸ்பெயினின் அந்தோனியோ தே தோரெஸ் அட்டையால் பின்பலகையும் பக்கங்களும் செய்து, நல்ல ஸ்ப்ரூஸ் முன்பலகை மட்டும் வைத்து ஒரு கிட்டார் கட்டினார். பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது.

பழைய மரத்தில் ஒன்றுமே இல்லை என்று நான் சொல்லவில்லை. பல்லாண்டு காய்ந்த ஸ்ப்ரூஸ் லேசாகிறது. நாதம் சட்டென்று எழுகிறது. அதை விரைவில் கொண்டுவரத்தான் இன்று ஆக்சிஜன் குறைந்த சூட்டில் மரத்தை வாட்டுகிறார்கள். முன்பலகை வாட்டிய புதுக் கிட்டார்களில் நல்லவை உண்மையிலேயே நன்றாக இருக்கின்றன. இன்னொரு அமெரிக்க கிட்டார் நிறுவனமான டெய்லரின் 2018 வி-வடிவச் சட்டத்தைப் பழமை விரும்பிகள் ஏற்பதில்லை. எனக்கு அதன் நீண்ட ஒலி பிடிக்கும். ஆனால் ஓங்கித் தாளம் போட்டு வாசிக்க இன்னும் எக்ஸ்தான்.

இன்னொன்று. மோசமாக ஒலித்த 1930களின் கிட்டார்களை யாரும் பத்திரமாக வைத்திருந்திருக்க மாட்டார்கள். நல்லவைதான் பெரும்பாலும் நம் காதுக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

அதனால் பழசையும் புதுசையும் ஒப்பிட்டு வீடியோ போடும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இரண்டிலும் ஒரே தடிமனில் புதுக் கம்பி போடுங்கள். மாடலையும் மரத்தையும் முதலில் சொல்லாதீர்கள், கேட்டு முடித்த பிறகு சொல்லுங்கள்.