சாக்ஸ் போட்ட மாடு

குழந்தை ஒரு வார்த்தையை மாற்றிச் சொன்னதும் 'அப்படிச் சொல்லக்கூடாது' என்று பாய்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. அதைவிட ஆகாது, 'எங்கே, இன்னொரு வாட்டி சொல்லு, பெரியம்மாவுக்குச் சொல்லு' என்று போனைத் தூக்கிப் பிடிக்கிற கூட்டம். போன வாரம் வந்த சொந்தக்காரர்கள் இரண்டையும் செய்துவிட்டுப் போனார்கள், அதனால்தான் இந்தப் பதிவு.

தங்கச்சி மகளுக்கு இரண்டரை வயது. குன்னூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் தேயிலைத் தோட்டம், அங்கே காட்டெருமை நடமாடுவது இந்தப் பக்கம் யாருக்கும் செய்தியே இல்லை. ஜன்னல் வழியே பார்த்துவிட்டு "மாமா, மாடு சாக்ஸ் போட்டிருக்கு" என்றாள். காட்டெருமைக்கு முழங்காலுக்குக் கீழே வெள்ளையாக இருக்கும். பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், எனக்கு ஒரு நாளும் அப்படித் தோன்றியதில்லை. இந்தக் குளிரில் எழுந்ததும் அவள் காலில் ஏறுவது சாக்ஸ், அதைப் பிடுங்கி எறிவதுதான் அவளுடைய முழுநேர வேலை, அதனால் அவளுக்குத் தோன்றியிருக்கிறது. இதில் திருத்த என்ன இருக்கிறது?

அப்புறம் புகை. குக்கர் விடுவது புகை, மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வரும் நீராவி ரயில் விடுவதும் புகை, மதியத்துக்கு மேல் தோட்டத்தை மூடுகிற மேகமும் புகைதான். ஒரு நாள் காலையில் வாசலில் நின்றவள் தன் வாயிலிருந்தே ஆவி வருவதைப் பார்த்துவிட்டு "பாப்பா ரயிலு" என்று அறிவித்து, அப்புறம் ரொம்ப நேரம் ரயிலாகவே இருந்தாள், சாப்பிடக்கூட நிற்கவில்லை.

தூக்கச் சொல்லும்போது இரண்டு கையையும் நீட்டி "உன்னத் தூக்கு" என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள். ஆனால் நாம் அவளிடம் எப்போதும் கேட்பது "உன்னைத் தூக்கட்டுமா?" என்றுதானே, அவள் கணக்கில் தூக்கப்படுகிற ஆளுக்குப் பெயர் 'உன்ன'. இன்னொன்று, "நான் ஓடிச்சேன்". நாய் ஓடிச்சு என்று கேட்டிருக்கிறாள், குடிச்சேன், அடிச்சேன் என்றும் கேட்டிருக்கிறாள், ஆனால் ஓடிச்சேன் என்று எங்கள் வீட்டில் ஒருத்தரும் சொன்னதில்லை. அவளே செய்தது அது. அமெரிக்காவில் குழந்தைகளின் பேச்சை ஆராய்ந்த ஜீன் பெர்கோ என்பவர் 1958-லேயே இதைச் சோதித்துக் காட்டினார்: பறவை மாதிரி ஏதோ ஒன்றை வரைந்து, அதற்கு 'வக்' என்று இல்லாத பெயர் ஒன்றை வைத்து, இப்போது இரண்டு இருக்கிறது, இவை என்ன என்று கேட்டால், சின்னக் குழந்தைகள்கூட 'வக்ஸ்' என்றார்கள். பிறந்ததிலிருந்து கேட்டே இராத சொல். காதில் விழுந்ததை அப்படியே திருப்பிச் சொல்கிற பிள்ளைக்கு இது வராது, உள்ளே விதி பிடிபட்டிருந்தால்தான் வரும்.

அவள் "ஓடிச்சேன்" என்றால் தங்கச்சி "அட, ஓடினியா, எங்க ஓடின?" என்று கேட்டுவிட்டுப் பேச்சைத் தொடர்வாள். அது போதும். சரியான சொல் காதில் விழுந்துவிட்டது, பேச்சும் நிற்கவில்லை. சிரிப்பு வந்தால் சிரியுங்கள், அதில் தப்பே இல்லை. ஆனால் போன வாரத்துக்கு அப்புறம் யார் வந்தாலும், மாடே இல்லாத நேரத்தில் "மாடு சாக்ஸ்" என்று சொல்லிவிட்டு, சிரிக்கிறார்களா என்று முகம் பார்க்கிறாள். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

ஒரு ப்ளே ஸ்கூலில் விசாரிக்கப் போனால், வீட்டில் இங்கிலீஷ் மட்டும் பேசுங்கள், இரண்டு மூன்று மொழி கேட்டால் குழந்தை குழம்பிவிடும் என்று அறிவுரை வேறு. யார் குழம்புகிறார்கள்? பக்கத்து வீட்டுப் படுகர் பாட்டியிடம் போய் "ஹாலு" என்று கேட்டு டம்ளரை நீட்டுகிறவள், எங்களிடம் வந்தால் "பாலு" என்கிறாள், ஒரு தடவைகூட ஆள் மாறியதில்லை. பல மொழி கேட்பதால் குழந்தைக்குப் பேச்சு தாமதமாகாது, இது ஆராய்ந்து பார்த்த விஷயம்.

அதற்காக எல்லாவற்றையும் மழலை என்று விட்டுவிடவும் வேண்டாம். இரண்டு வயது தாண்டியும் இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசாத குழந்தை, கூப்பிட்டால் திரும்பாத குழந்தை என்றால், 'அவங்கப்பனும் லேட்டாத்தான் பேசினான்' என்று பாட்டி சொல்வதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்காமல் முதலில் காதைப் பரிசோதித்துவிடுங்கள். ஊட்டி வரைக்கும் போய் வர அரை நாள் போகும், போகட்டும்.