படம் பாக்க வந்தோமா, பரீட்சை எழுத வந்தோமா?

காசு குடுத்து ஒரு டிக்கெட் வாங்கினா ஒரு படம் முழுசா வரணும். ஆரம்பம், நடு, முடிவு எல்லாம் அந்த ஒரு டிக்கெட்டுக்குள்ள அடங்கணும். இது பேராசைங்களா? சூப்பர் ஹீரோ படம், மந்திரவாதிப் படம், டிராகன் படம்னு சேலத்துக்கு வர்ற எதுக்குப் போனாலும் இந்தச் சாதாரணக் கணக்கே இடிக்குது. எடுத்தவன் பாதிக் கதையைத்தான் குடுக்கிறான். அந்தப் பாதியில பாதியைத் தியேட்டர் முழுங்கிடுது.

முதல்ல எடுத்தவங்களை வச்சுக்குவோம். 2022 மே மாசம் மார்வெல் கம்பெனி விட்ட ரெண்டாவது டாக்டர் ஸ்ட்ரேஞ்ச் படம், 126 நிமிசம். அதுல வாண்டான்னு ஒரு அம்மா, தன் ரெண்டு பசங்களைத் தேடி உலகம் உலகமாப் போய் அடிச்சு நொறுக்குது. தியேட்டர்ல மட்டும் படம் பாக்குற ஆளு அந்தம்மாவைக் கடைசியாப் பார்த்தது 2019ல, 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' படத்துல. அப்ப அது நல்லவங்க கட்சி. காதலிச்சவன் அதுக்கு முந்தின படத்துலயே செத்துட்டான், பிள்ளையும் கிடையாது. அப்புறம் ஏதுங்க ரெண்டு பசங்க? யார் அப்பன்? எப்பப் பொறந்தாங்க? அதெல்லாம் 2021ல ஓடிடியில வந்த ஒன்பது எபிசோட் சீரியல்ல இருக்காம். ரெண்டு மணி நேரப் படத்துல வில்லிக்கு ஏன் கோபம்னு தெரிஞ்சுக்க, அதைப்போல ரெண்டு மடங்குக்கு மேல வீட்டுப்பாடம், அதுவும் தனியா மாசச் சந்தா கட்டி.

சரி, அது ஒண்ணுதான்னு நினைச்சா 2023 நவம்பர்ல தி மார்வெல்ஸ் வந்துச்சு. 105 நிமிசம், மூணு நாயகிங்க. ஒருத்தர் கதை 2019 படத்துல. இன்னொருத்தருக்குச் சக்தி வந்தது மேல சொன்ன அதே சீரியல்ல. மூணாவது பொண்ணோட கதை 2022ல வந்த ஆறு எபிசோட் சீரியல்ல. தட்டுவடை செட்டு கேட்டவன் கையில வெறும் தட்டுவடையைக் குடுத்துட்டு, சட்னிக்கு அஞ்சு ரோடு ஏரியாவுக்குப் போங்க, பீட்ரூட் துருவலுக்குக் குகை ஏரியாவுக்குப் போங்கன்னு அனுப்புற மாதிரி இருக்கு இவங்க யாவாரம். எந்தக் கடைக்காரராவது அப்படி அனுப்பிட்டு அடுத்த நாள் கடை போட முடியுமா?

இதைக் கேட்டா ரசிகக் கண்மணிங்க பாஞ்சுக்கிட்டு வருவாங்க. "காமிக்ஸ்னாலே அப்படித்தான், தொடர்ந்து படிச்சவனுக்குத்தான் புரியும்." அடப் போங்கப்பா. இந்த ஊருக்கு காமிக்ஸ் புதுசா? 1972ல சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடதான் தொடங்குச்சு. எந்தப் புஸ்தகத்தை எடுத்தாலும் தெரிய வேண்டியது ஒரே விசயம்: வலது கை இரும்பு, மின்சாரத்தைத் தொட்டா உடம்பு மறைஞ்சிடும், கை மட்டும் மறையாது. ரெண்டு வரியில முடிஞ்சுபோச்சு. பழைய புஸ்தகக் கடையில அட்டை கிழிஞ்ச பிரதி கிடைச்சாலும் உக்காந்து படிச்சு முடிக்கலாம். சீமையில வாரப் பத்திரிகையில தொடரா வந்த கதைதான் அதுவும். அவங்களுக்கு முடிஞ்சது, ஒரு படத்துக்கு ஊர்ப்பட்ட கோடியைக் கொட்டுறவங்களுக்கு முடியாதா?

இன்னும் கிட்டத்துலயே ஆதாரம் இருக்கு. ஏற்காடு ரோட்டுல நிக்குதே மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவு, அந்தக் கம்பெனிதான் 1956ல 'அலிபாபாவும் 40 திருடர்களும்' எடுத்துச்சு. தமிழ்ல முதல் முழுநீளக் கலர் படம். டி.ஆர்.சுந்தரம் டைரக்‌ஷன், எம்.ஜி.ஆர்., பானுமதி. கதை எங்கிருந்து? ஆயிரத்தோரு இரவுகள்லருந்து. கதைக்குள்ள கதை, அதுக்குள்ள இன்னொரு கதைன்னு போற சமுத்திரம் அது. இன்னிக்கு 'யுனிவர்ஸ்'னு பீத்திக்கிறதெல்லாம் அதுகிட்ட நிக்க முடியாது. மிச்சம் ஆயிரம் ராத்திரியையும் கேட்டுட்டு வந்தாத்தான் அலிபாபா புரியும்னு அன்னிக்கு எவனாவது சொன்னானா? குகை இருக்கு, கதவு இருக்கு, திருடன் இருக்கான், பாருங்கன்னாங்க. ஊரே பார்த்துச்சு.

அடுத்த மோசடி, பாதியில நிறுத்துறது. 2021ல வந்த டூன், போஸ்டர்ல வெறும் 'டூன்'. உள்ள போய் உக்காந்தப்புறம் திரையில 'பாகம் ஒன்று'ன்னு போடுறான். டிக்கெட் கிழிச்சப்புறம் சொல்லி என்ன புண்ணியம்? 2023ல வந்த ஸ்பைடர்-வெர்ஸ் அனிமேசன் படம் 140 நிமிசம் ஓடி, சண்டை சூடு பிடிக்கிற இடத்துல 'தொடரும்'. மிச்சம் 2024 மார்ச்ல வரும்னாங்க. அந்த மார்ச் வந்துட்டுப் போயிடுச்சு, படம் வரலை. ஹாரி பாட்டர் உலகத்து முன்கதையை அஞ்சு படமா எடுக்கப்போறோம்னு அறிவிச்சு 2016, 2018, 2022ன்னு மூணோட கடையைச் சாத்திட்டாங்க. அதுக்குள்ளயே வில்லன் மூஞ்சி படத்துக்குப் படம் மாறிடுச்சு. 2007ல வந்த கோல்டன் காம்பஸ், புஸ்தகத்தோட கடைசி அத்தியாயங்களை அடுத்த படத்துக்குன்னு பத்திரமா எடுத்து வச்சுது. அடுத்த படம்னு ஒண்ணு வரவேயில்லை. இன்னொரு பக்கம், 'ஹாபிட்'ங்கிற ஒரே ஒரு சிறுவர் நாவலை 2012லருந்து 2014 வரைக்கும் மூணு படமா இழுத்து ரப்பராக்கினாங்க. நம்ம பொன்னியின் செல்வனைப் பத்தி ஆயிரம் குறை சொல்லுங்க, பேர்லயே 1னு போட்டு 2022 செப்டம்பர்ல விட்டாங்க, 2023 ஏப்ரல்ல 2 வந்துடுச்சு. அந்த நேர்மைக்கு ஒரு கும்பிடு.

இப்ப நம்ம ஊர்ப் பக்கம் வருவோம். 3டி.

நிறைய சூப்பர் ஹீரோ படம் 3டி கேமராவுல எடுத்ததே கிடையாது. சாதா கேமராவுல எடுத்து, அப்புறம் கம்ப்யூட்டர்ல ஒவ்வொரு ஷாட்டையும் வெட்டி முன்ன பின்ன தள்ளி 3டி ஆக்கினது. அதைத் தப்புன்னு சொல்லலை, ஒழுங்காப் போட்டா ஒழுங்காத்தான் இருக்கும். போடுறதுலதான் கோளாறு. சாதாப் படத்துக்குத் திரையில இருக்க வேண்டிய வெளிச்சம் 14 ஃபுட்-லாம்பர்ட் (திரை வெளிச்சத்தை அளக்குற கணக்கு அது). 3டியில ஒரே புரொஜெக்டர் இடக்கண்ணுக்கும் வலக்கண்ணுக்கும் மாத்தி மாத்தி நொடிக்கு 144 தடவை படத்தைக் காட்டுது. ஒரு கண்ணுக்குப் போறப்ப இன்னொரு கண்ணு இருட்டு. அங்கேயே பாதி போச்சு. லென்சுக்கு முன்னாடி நிக்கிற போலரைஸர், அதாவது ரெண்டு கண்ணுக்கும் படத்தைப் பிரிச்சு அனுப்புற வடிகட்டி, ஒரு பங்கைத் தின்னும், மூக்குல மாட்டுற கண்ணாடி ஒரு பங்கு. நல்லாப் பராமரிக்கிற தியேட்டர்லயே 4, 5 மிஞ்சினா அதிகம். இதுல புரொஜெக்டருக்குள்ள எரியுற செனான் விளக்கோட ஆயுசு முடிஞ்சும் மாத்தாம ஓட்டுறது, புரொஜெக்டர் அறைக் கண்ணாடியில படிஞ்ச தூசியைத் துடைக்காதது, கரண்டு பில்லுக்குப் பயந்து விளக்கைக் குறைச்சு வைக்கிறது எல்லாம் சேர்ந்தா, ராத்திரி நடக்குற சண்டையில யார் யாரை அடிக்கிறாங்கன்னே தெரியாது. அந்தக் கண்ணாடிக்குத் தனிக் காசு வேற. கீறல் விழுந்து, முந்தின ஆட்டக்காரர் விரல் ரேகையோட வரும். பவர் கண்ணாடி போட்டவங்க அதுக்கு மேல இதை மாட்டி மூணு மணி நேரம் மூக்கைப் பிடிச்சுக்கிட்டே உக்காரணும்.

கொடுமை அதோட நிக்கலை. 3டிக்குன்னு மாட்டின வெள்ளி நிறப் பூச்சுத் திரையிலதான் 2டி படமும் ஓடுது. அந்தத் திரை வெளிச்சத்தை நேரா நடுவுக்கே திருப்பி அடிக்கும். நடுச் சீட்டுக்குப் பளிச்சுன்னு தெரியும், ஓரச் சீட்டுக்கு மங்கல். இதுல 3டி ஆட்டம் முடிஞ்சு 2டி ஆட்டம் தொடங்குறப்ப போலரைஸரை நகர்த்த ஆபரேட்டர் மறந்துட்டார்னா முடிஞ்சுது கதை. 2022ல வந்த பேட்மேன் படம் 176 நிமிசமும் மழையும் இருட்டுமா எடுத்த படம். அதை அப்படி ஒரு திரையில பார்த்தவங்க கேட்டது படம், பார்த்ததில்லை.

அதனால புக் பண்றப்ப மொழி, 2டியா 3டியான்னு ரெண்டையும் கண்ணை விரிச்சுப் பாருங்க. ஒரே படம் தமிழ் 2டி, தமிழ் 3டி, இங்கிலீஷ் 2டி, இங்கிலீஷ் 3டின்னு நாலு வகையா வரும், ஆட்ட நேரம் பக்கத்துப் பக்கத்துல இருக்கும், அவசரத்துல கை மாறிடும். 2டி கிடைச்சா 2டிக்கே போங்க. 3டிதான்னு விதிச்சிருந்தா நடு வரிசைக்குக் கொஞ்சம் பின்னாடி, நட்டநடுச் சீட்டு. ஓரத்துல நாலு பேருக்குச் சேர்ந்தாப்ல இடம் கிடைக்குதுன்னு விழுந்துடாதீங்க. சேவைக் கட்டணமும் டிக்கெட்டுக்கு ஒண்ணுன்னு நாலு தடவை பிடிப்பாங்க. நாலு டிக்கெட்டும் விரலால ஒரே தட்டு தட்டினா வர்றப்ப நாலு சேவை எங்கிருந்து வந்துச்சுன்னு அவங்களைத்தான் கேக்கணும்.

சத்தம். டால்பி சவுண்டு பெட்டியில 7ங்கிற அளவுக்குத்தான் ஸ்டுடியோவுல படத்தோட ஒலியைச் சேர்க்கிறாங்க. இங்க விளம்பரமும் டிரெய்லரும் காதைக் கிழிக்குதுன்னு யாரோ எழுந்து திட்டுவாங்க. ஆபரேட்டர் நாலரைக்கு இறக்குவார். படம் தொடங்கினப்புறம் அதைத் திரும்ப ஏத்த மாட்டார். அடிதடிச் சத்தம் எப்படியும் கேக்கும், போறது திரைக்குப் பின்னாடி நடு ஸ்பீக்கர்ல வர்ற பேச்சுதான். டப்பிங் படத்துல அது இன்னும் மோசம். தமிழ்க் குரல் தனியா ஸ்டுடியோவுல பதிஞ்சு பழைய இசை மேல ஒட்டவச்சது, ஏற்கெனவே கொஞ்சம் ஒட்டாமத்தான் கிடக்கும். குரல் படத்துக்குப் படம் ஆள் மாறும். போன படத்துல செந்தமிழ் பேசின சாமி இந்தப் படத்துல மெட்ராஸ் பாஷை பேசும். அதையாவது சிரிச்சுட்டு விட்டுடலாம். திரையில வர்ற எழுத்து? வேற்றுக்கிரகத்தான் பேச்சுக்குக் கீழே வரி, ஊர்ப் பேரு, சாகிறவன் எழுதி வச்ச கடிதம், செல்போன் மெசேஜ், பல படத்துல எல்லாம் இங்கிலீஷ்லயே நிக்குது. தமிழ்ல பாக்குறதுக்குன்னே டிக்கெட் வாங்கின அப்பத்தாவுக்குப் பக்கத்துல உக்காந்து பேரன் மொழிபெயர்க்கணும், முன்சீட்டுக்காரன் திரும்பி முறைக்கணும்.

இன்டர்வெல் இன்னொரு கூத்து. அந்தப் படங்கள்ல இடைவேளைன்னு ஒண்ணே கிடையாது. நம்ம தியேட்டர்ல வடை, பாப்கார்ன் விக்கணுமே, அதுக்காக ஓட்டத்துல பாதி நேரம் பார்த்து நிறுத்துறாங்க. நேரத்தைத்தான் பாக்குறாங்க, காட்சியைப் பாக்குறதில்லை. "உன் அப்பாவைக் கொன்னது..."ன்னு ஒருத்தன் வாயைத் திறப்பான், டொப்னு லைட்டு எரியும். திரும்பத் தொடங்குறப்ப பேர் சொல்லி முடிச்சிருப்பான், வெளியில வரிசையில நின்னவன் சில்லறை வாங்கிட்டு ஓடி வர்றதுக்குள்ள பழிவாங்கவே கிளம்பியிருப்பான். வெள்ளிக்கிழமை காலையில ஆட்டத்துக்கு முன்னாடி யாராவது ஒருத்தர் படத்தை ஓட்டிப் பார்த்து, காட்சி மாறுற இடத்தோட நிமிசத்தைக் குறிச்சு வச்சா வாரம் பூரா அதே இடத்துல நிறுத்தலாம். திரும்பப் போடுறப்ப பத்து வினாடி பின்னால தள்ளிப் போடலாம். ரெண்டுக்கும் ஒரு பைசா செலவில்லை.

கடைசியா, அந்த வால் காட்சி. 2008 அயர்ன் மேன்லருந்து மார்வெல்காரங்க பழக்கிவிட்ட நோய் இது, இப்ப எல்லாரும் பண்றாங்க. பேர் ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்துல ஒண்ணு, எல்லாப் பேரும் முடிஞ்சப்புறம் இன்னொண்ணு. கிராபிக்ஸ் வேலை பார்த்தவங்க பேர் மட்டுமே ஆயிரக்கணக்குல இருக்கும், பத்து நிமிசம்கூட ஓடும். அடுத்த படத்துக்கான கதையை அங்கதான் ஒளிச்சு வைக்கிறான். ஆனா நம்ம ஆளுங்களுக்குப் பேர் தொடங்குனவுடனே கதவைத் திறக்கணும், லைட்டைப் போடணும், விளக்குமாறோட ஆள் உள்ள வரணும். பாதிச் சனம் படியில நின்னுக்கிட்டே திரும்பிப் பாக்கும், மீதிச் சனம் அது மேல இடிச்சுக்கிட்டு இறங்கும், திரையில வெளிச்சம் பட்டு உருவமே தெரியாது. சில எடத்துல புரொஜெக்டரையே அணைச்சுடுறாங்க.

அவங்க கணக்கும் புரியாம இல்லை. எண்ட்கேம் 181 நிமிசம். இன்டர்வெல் 15, விளம்பரமும் கூட்டுறதும் 20ன்னு வச்சா ஒரு ஆட்டம் 216 நிமிசம். நாலு ஆட்டத்துக்கு 14 மணி நேரம் 24 நிமிசம். காலையில பத்துக்குத் தொடங்கினா நடுராத்திரி தாண்டிடும். எங்கேயாவது வெட்டித்தான் ஆகணும். வெட்டுங்க, நகைக்கடை விளம்பரத்தை வெட்டுங்க, புகையிலை எச்சரிக்கை முடிஞ்சு ஓட்டுற டிரெய்லரை வெட்டுங்க. காசு குடுத்த படத்துல ஏன் கை வைக்கிறீங்க?

ஏற்காட்டுலருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து படம் பாக்குறவங்களும் அந்தக் கூட்டத்துல இருக்காங்க. அவங்க திரும்ப மேல ஏறணும், பஸ்ஸைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருப்பாங்க. வால் காட்சி ஒண்ணா ரெண்டா, எத்தனாவது நிமிசத்துல வரும், படம் பாகம் ஒண்ணா முழுசா, முன்னாடி எதையாவது பார்த்திருக்கணுமான்னு கவுன்ட்டர்ல ஒரு அட்டையில எழுதி மாட்டுங்க. கிளம்புறவன் கிளம்புவான், இருக்கிறவன் இருப்பான். கடைசிப் பேர் போற வரைக்கும் அந்த லைட்டு சுவிட்சுல மட்டும் கை வைக்காதீங்க.