அந்த நடைவண்டிப் படத்தைப் பற்றி

எந்தப் படத்தைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும். மூன்று நாளாக எல்லோர் டைம்லைனிலும் அதுதான் ஓடுகிறது. நாற்பது வருஷத்து நடைவண்டி, அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பத்து மாதக் குழந்தை, மேலே "மூணு தலைமுறை கண்ட வண்டி" என்று ஒரு வரி. அழகான படம். நானும் ஹார்ட் போட்டேன். போட்ட பிறகுதான் பெரிதாக்கிப் பார்த்தேன். கைப்பிடிக் கட்டையில் மஞ்சள் பெயிண்ட் செதில் செதிலாக உரிந்திருந்தது. உரிந்த இடத்தில் குழந்தையின் வாய்.

அதனால்தான் அந்தக் கமென்ட். "பழைய எனாமல் பெயிண்ட்டில் காரீயம் இருக்க வாய்ப்பு அதிகம். டெஸ்ட் செய்யும்வரை குழந்தையிடம் கொடுக்காதீர்கள். பாப்பாவுக்கு ரத்தத்தில் லெட் அளவு ஒருமுறை பார்த்துவிடுங்கள்." இவ்வளவுதான் எழுதினேன். இதில் எந்த வார்த்தை யாரைக் குத்தியது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

117 சிரிப்புப் பொம்மைகள். எண்ணினேன். "நல்ல விஷயத்துல மண்ணள்ளிப் போட நாலு பேர் வந்துருவாங்க." "பிளாஸ்டிக் கம்பெனிக்காரன் எவ்வளவு கொடுத்தான்?" "ஈயச்சொம்புல ரசம் குடிச்சு வளர்ந்த பரம்பரை நாங்க." இதையெல்லாம் தாண்டிப் போயிருப்பேன். ஒருவர் என் பக்கத்துக்கே வந்து கேட்டார்: "பெரியவங்க கொடுத்த பொருள் எல்லாம் விஷம்னா, உங்க அப்பாவையும் ஹோம்ல சேர்த்தாச்சா?"

அதற்குத்தான் இந்தப் பதிவு. என் அப்பாவைப் பற்றி நானே சொல்கிறேன்.

முதலில் ஒன்று. நான் நடைவண்டியைக் குறை சொல்லவில்லை. பெயிண்ட்டைச் சொன்னேன். எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்கிறேன், பெயிண்ட்டைச் சொன்னேன்.

எங்கள் வீட்டிலும் ஒரு நடைவண்டி உண்டு. 1984-ல் அண்ணனுக்காகத் தேர்த் திருவிழாக் கடையில் வாங்கியது. அவனுக்குப் பிறகு நான், அப்புறம் சித்தி பிள்ளைகள், அண்ணன் மகள். ஒவ்வொரு குழந்தைக்கும் அப்பாவே அதை எடுத்துச் சரிபண்ணிக் கொடுப்பார். என் மகன் பிறந்தது 2019-ல். அவன் பிடித்து நிற்க ஆரம்பித்தபோது 2020 ஏப்ரல். ஊரடங்கு, கடை எதுவும் இல்லை. அப்பா பரணில் இருந்த பழைய டப்பாவை இறக்கினார். அண்ணன் கல்யாணத்துக்காக 2009-ல் ஜன்னல் கம்பிக்கு அடித்து மிஞ்சின மஞ்சள் எனாமல். மேலே பாலாடை மாதிரி கட்டியிருந்த தோலைக் குச்சியால் எடுத்துப் போட்டு, பெயிண்ட்டை இளக்குகிற தின்னர் ஊற்றிக் கலக்கினார். திண்ணையில் உட்கார்ந்து உப்புத்தாள் போட்டு வண்டியை இரண்டு நாள் தேய்த்தார். பழைய சிவப்பும் பச்சையும் தூளாகித் திண்ணையெல்லாம் படிந்தது. பக்கத்திலேயே பாயில் என் பிள்ளை தவழ்ந்துகொண்டிருந்தான். தாத்தா தும்மும்போதெல்லாம் சிரித்தான். அந்த வீடியோ இன்னும் என் போனில் இருக்கிறது. என்னால் பார்க்க முடிவதில்லை.

பல் முளைக்கிற வயசு. கைப்பிடிக் கட்டையில் வரிசையாகப் பல் தடம். நாங்கள் அதையும் போட்டோ எடுத்து "எலிக்குட்டி" என்று போட்டோம்.

இரண்டு வயதில் அவனுக்கு ரத்தம் ஏறவே இல்லை. இரும்புச் சத்து சொட்டு மருந்து மாசக்கணக்கில் கொடுத்தும் ஹீமோகுளோபின் 8-லேயே நின்றது. மலச்சிக்கல், வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுகை, சுவர்க் காரையைச் சுரண்டித் தின்பது. "பூச்சியா இருக்கும்", "பால்பல் வந்தா அப்படித்தான்" என்று மூன்று டாக்டர்கள் மருந்து எழுதினார்கள். நான்காவதாகப் பார்த்த டாக்டர், இளம் பெண், மருந்து எழுதுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டார்: "வீட்டில பழைய பெயிண்ட் ஏதாவது உரியுதாம்மா?"

ரத்தத்தில் காரீயம் எவ்வளவு என்று பார்த்தோம். ரிசல்ட் வந்தது. டெசிலிட்டருக்கு 19 மைக்ரோகிராம். 5 வந்தாலே எங்கிருந்து வருகிறது என்று தேடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். அமெரிக்காவில் 2021-லிருந்து 3.5-லேயே உஷாராகிறார்கள். இதற்குக் கீழே இருந்தால் ஆபத்தில்லை என்று சொல்ல ஒரு அளவே கிடையாது. வண்டியிலிருந்து சுரண்டின தூளைத் தனியாக ஒரு லேபுக்கு அனுப்பினோம். 21,000 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கில் 21,000 பங்கு காரீயம். சட்டம் அனுமதிப்பது 90.

அந்த 90 என்கிற சட்டமே நம் நாட்டில் 2016-ல்தான் போட்டார்கள், 2017 நவம்பரிலிருந்துதான் அமலுக்கு வந்தது. அதற்கு முன்னால் கடையில் விற்ற டப்பாவுக்கு இப்படிக் கட்டாயக் கட்டுப்பாடு கிடையாது. சின்சினாட்டி பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2006-ல் இந்தியா, சீனா, மலேசியாவில் கடையில் விற்ற பெயிண்ட்டை வாங்கி ஆராய்ந்தபோது, முக்கால்வாசிக்கு மேல் அன்றைய அமெரிக்க அளவான 600-ஐயே தாண்டியிருந்தது. பளிச்சென்ற மஞ்சள், ஆரஞ்சு, பச்சைதான் மோசம், ஏனென்றால் அந்த நிறத்தைக் கொடுப்பதே காரீயக் குரோமேட். பெயிண்ட் சீக்கிரம் காய்வதற்கும் காரீயம் சேர்த்தார்கள். அப்படியானால் 2017-க்கு முன்னால் பளிச்சென்று எனாமல் அடித்த எந்தக் குழந்தைச் சாமானையும் சந்தேகப்பட வேண்டும். தொட்டில், ஆடுகுதிரை, சொப்புச் சாமான், ஜன்னல் கம்பி, எதுவானாலும். இதைச் சொல்வதற்கு எனக்கு எந்தக் கம்பெனியும் காசு தர வேண்டியதில்லை.

"நாங்களும் அதுலதான் வளர்ந்தோம், நல்லாத்தானே இருக்கோம்?" இதுதான் அதிகம் லைக் வாங்கின பதில். இதற்கு ஒழுங்காகவே பதில் சொல்கிறேன். அமெரிக்காவில் ஹெர்பர்ட் நீடில்மன் என்று ஒரு குழந்தை டாக்டர். பாஸ்டன் பக்கத்தில் இரண்டு ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் விழுந்த பால்பற்களை வாங்கி, அதில் எவ்வளவு காரீயம் என்று பார்த்தார். 1979-ல் வெளியிட்டார். அந்தப் பிள்ளைகள் யாருக்கும் காய்ச்சல் இல்லை, வாந்தி இல்லை. எல்லோரும் "நல்லாத்தான்" இருந்தார்கள். ஆனால் பல்லில் காரீயம் அதிகமுள்ள பிள்ளைகளுக்கு அறிவுத்திறன் சோதனையில் மதிப்பெண் குறைந்தது. வகுப்பில் கவனம் நிற்கவில்லை என்று டீச்சர்கள் எழுதிக் கொடுத்ததும் அதே பிள்ளைகளைத்தான். உடம்பு காரீயத்தைச் சுண்ணாம்புச் சத்து என்று நம்பி எலும்பிலும் பல்லிலும் சேர்த்து வைத்துக்கொள்கிறது. வயிற்றுக்குள் போவதில் பெரியவர்களைவிடக் குழந்தை நாலைந்து மடங்கு உறிஞ்சும். ரத்தசோகை இருந்தால் இன்னும் அதிகம். இது எங்கும் வலிக்காது. நாம் என்னவாக வந்திருப்போம், என்ன குறைந்தது என்று நமக்கு எப்படித் தெரியும்? நான் அதே வண்டியைப் பிடித்துத்தான் நடந்தேன். "நல்லாத்தான் இருக்கேன்" என்று அடித்துச் சொல்ல எனக்கு இப்போது தைரியம் இல்லை.

இது வெள்ளைக்காரன் நேற்று கிளப்பிவிட்ட புரளி என்கிறவர்களுக்கு: ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் லாக்ஹார்ட் கிப்சன் என்கிற கண் டாக்டர், பிள்ளைகள் உடம்பில் ஏறுகிற காரீயம் வீட்டு வராந்தாக் கம்பிப் பெயிண்ட்டிலிருந்துதான் வருகிறது என்று 1904-ல் எழுதிவிட்டார். கம்பியைப் பிடித்த கையைப் பிள்ளை வாயில் வைக்கிறது, அவ்வளவுதான் காரணம் என்றார். 1904. நம்முடைய சட்டம் 2016.

ஈயச்சொம்பு ஆசாமிகளுக்கும் ஒன்று. தமிழில் ஒரே "ஈயம்" என்று சொல்லிவிடுவதால் வந்த குழப்பம் இது. கும்பகோணத்து ரசச் சொம்பு வெள்ளீயம், இங்கிலீஷில் டின். காரீயம், அதாவது லெட், வேறு உலோகம். அசல் வெள்ளீயத்தில் ரசம் வைப்பதை நான் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வெள்ளீயத்தின் விலை காரீயத்தைப்போலப் பத்து மடங்குக்கும் மேல். இரண்டையும் கலந்தால் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. புளித்தண்ணீர் காரீயத்தை நன்றாகவே கரைக்கும். உங்கள் சொம்பு பாட்டி காலத்து அசல் என்று நம்புகிறீர்களா, சந்தோஷம். ஒருமுறை டெஸ்ட் செய்துவிட்டு நம்புங்கள்.

"அப்போ புதுப் பொம்மை மட்டும் சுத்தமா?" இல்லை. யார் சொன்னது? 2007-ல் மேட்டல் கம்பெனியே காரீயப் பெயிண்ட் அடித்த பொம்மைகளை லட்சக்கணக்கில் திரும்ப வாங்கியது. 2010-ல் அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் விற்ற ஷ்ரெக் கார்ட்டூன் படம் போட்ட கண்ணாடி டம்ளரின் பெயிண்ட்டில் காட்மியம் என்கிற இன்னொரு நச்சு உலோகம், 1 கோடியே 20 லட்சம் டம்ளரைத் திரும்பக் கேட்டார்கள். நம் ஊரில் பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் என்று 2021-ல்தான் வந்தது. புதுசும் தப்பு பண்ணும். அதனால் பழசு சுத்தமாகிவிடுமா?

பாரம்பரியம் என்கிறீர்கள். மரப்பாச்சிக்கு யார் பெயிண்ட் அடித்தார்கள்? கர்நாடகத்துச் சன்னபட்டணாவிலும் ஆந்திரத்து ஏட்டிகொப்பாக்காவிலும் மரப்பொம்மைக்கு அரக்கைக் கடைசலிலேயே சூடேற்றி ஏற்றுகிறார்கள், செடிகொடிச் சாயத்தோடு. அதுதான் பழைய வழி. டப்பா எனாமல் ஃபேக்டரியிலிருந்து வந்தது. ஃபேக்டரிக்காரன் காரீயத்தைக் கலந்து விற்றான், நம் தாத்தாக்கள் நம்பி வாங்கினார்கள். ஏமாற்றப்பட்டவர்கள் அவர்கள். நான் யாரைக் குற்றம் சொல்கிறேன் என்று இப்போதாவது புரிகிறதா?

ஒரே ஒரு அக்கா மட்டும் நியாயமாகக் கேட்டிருந்தார்: "டெஸ்ட் டெஸ்ட்னு சொல்றீங்க, கூலி வேலைக்குப் போறவ எங்கம்மா போய் எடுப்பா?" இதற்கு என்னிடம் பதில் இல்லை. எங்கள் ஊர் அரசு ஆஸ்பத்திரியில் கேட்டபோது "அப்படி ஒரு டெஸ்ட் இங்க இல்லம்மா" என்றார்கள். தனியாரில் எனக்கு ஆயிரத்துக்கு மேல் ஆனது. 2020-ல் யுனிசெஃப் வெளியிட்ட கணக்குப்படி இந்தியாவில் மட்டும் 27 கோடிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு ரத்தத்தில் காரீயம் அந்த 5-க்கு மேல் இருக்கிறது. அவர்களில் எத்தனை பேருடைய அம்மாவுக்கு இந்த டெஸ்ட்டின் பேராவது தெரிந்திருக்கும்? தடுப்பூசி போடுகிற இடத்திலேயே ஒரு துளி ரத்தம் எடுத்து இதையும் பார்க்க வேண்டும் என்று கத்த வேண்டியவர்கள், என் கமென்ட்டில் வந்து சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

இன்னொரு கமென்ட்டை விடவே முடியவில்லை. "அம்மாக்காரி போனை நோண்டாம இருந்தா பிள்ளை ஏன் வாயில வைக்குது?" எழுதியது ஒரு பெண். பத்து மாதக் குழந்தை எதைத்தான் வாயில் வைக்காது? வீட்டை இரண்டு வேளை ஈரத்துணி போட்டுத் துடைத்தவள் நான். உப்புத்தாள் தூள் ஈரத்துணிக்கு அடங்காமல் பாய் இடுக்கில் இருந்தது. பிள்ளைக்கு ஒன்று என்றால் முதலில் அம்மா, அடுத்து பாட்டி, இந்த வரிசையை யார் போட்டுக் கொடுத்தார்கள் உங்களுக்கு? பெயிண்ட் கம்பெனி அந்த வரிசையில் எங்குமே இல்லையே, ஏன்?

அப்பாவிடம் ரிசல்ட்டைச் சொல்லாமல்தான் இருந்தேன். வண்டியை எங்கே என்று தேடினார். உடைந்துவிட்டது என்றேன். அவர் தச்சுவேலை தெரிந்தவர், "கொண்டா, ஒட்டித் தர்றேன்" என்றார். சொல்ல வேண்டியதாயிற்று. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஏம்மா, நான் அடிச்ச பெயிண்ட்டா?" என்றார். இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்றைக்கு ராத்திரி சாப்பிடவில்லை. அடுத்த ஒரு மாசம் பேரனைத் தூக்குவதற்கு முன்னால் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் தூக்கினார். வேண்டாம்பா என்றால் கேட்கவில்லை. அந்த மனுஷனைத்தான் ஹோமில் சேர்த்தாயிற்றா என்று கேட்டீர்கள். எங்களோடுதான் இருக்கிறார், இப்போது பக்கத்து அறையில் தூங்குகிறார்.

மகனுக்கு மருந்தென்று பெரிதாக எதுவும் இல்லை. காரீயத்தை வெளியேற்றுகிற மருந்து பொதுவாக 45-ஐத் தாண்டினால்தான். வண்டியை எடுத்தோம், ஜன்னல் கம்பியைத் தேய்க்காமல் அப்படியே மூடினோம், இரும்புச் சத்தும் பாலும் கொடுத்தோம். 19 அடுத்த வருஷம் 11 ஆனது, பிறகு 6, போன வருஷம் 4. ஒவ்வொரு முறையும் ஊசி குத்தும்போது அவன் என் முகத்தைத்தான் பார்ப்பான். ரத்தத்தில் குறைந்தது எலும்பிலும் குறைந்துவிட்டதாக அர்த்தம் இல்லை. போன வாரம் முதல் பால்பல் விழுந்தது. சாணி உருண்டைக்குள் வைத்துக் கூரைமேல் எறிய வேண்டும் என்று அப்பா எங்கெங்கோ அலைந்து சாணி கொண்டுவந்தார். பேரனும் தாத்தாவும் எறிந்தார்கள். எனக்கு அந்தப் பல்லைப் பார்க்கும்போது நினைவுக்கு வந்ததை அவர்களிடம் சொல்லவில்லை.

வண்டி இரண்டு பிளாஸ்டிக் சாக்கில் கட்டிப் பரணில் கிடக்கிறது. எரித்தால் புகையில் காரீயம் போகும். பழைய சாமான்காரரிடம் போட்டால் இன்னொரு வீட்டுக் குழந்தைக்குப் போகும். என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருக்கிறேன்.

படம் போட்டவர் என்னை பிளாக் செய்துவிட்டார். அவர்மேல் கோபமில்லை, அவர் அப்பா கொடுத்த வண்டி அது. அவரோடு பழகுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், என் பெயரைச் சொல்ல வேண்டாம். கைப்பிடியில் இடது ஓரம் மஞ்சள் உரிந்திருக்கிறது, பாப்பா அங்கேதான் வாய் வைக்கிறாள் என்று மட்டும் இன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.