90 நாள் கட்டத்தைப் பார்த்து டிக் செய்யுங்கள்

சொந்தமாக மின்னூல் வெளியிடுவோருக்கான கட்டுரை ஒன்று படித்தேன். ஒரே கடையை நம்பாமல் எல்லாத் தளங்களிலும் மின்னூலைப் போடச் சொல்கிறது அது. சரிதான். ஆனால் அமேசானில் கிண்டில் செலக்ட் என்ற தனியுரிமைத் திட்டத்தில் மின்னூலைச் சேர்த்தால் 90 நாள் அதை வேறெங்கும் விற்கக் கூடாது, சொந்த இணையதளத்தில்கூட. அச்சுப் புத்தகத்துக்குத் தடையில்லை. தானாகப் புதுப்பிக்கும் டிக்கையும் எடுக்காவிட்டால் இன்னொரு 90 நாள். சேராவிட்டாலோ இந்திய விற்பனைக்கு 70 சதவீத ராயல்டி (ஆசிரியர் பங்கு) கிடையாது, 35தான்.

குளச்சல் பக்கத்துக் கடல்சொற்களைத் தொகுத்த என் நூலை 90 நாள் முடிந்ததும் கூகுள் பிளே புக்ஸிலும் ஏற்றினேன். அப்புறம் அதை அங்கே வாங்கிப் படித்த, பஹ்ரைனில் மீன்பிடிக்கும் எங்களூர்த் தம்பி ஒருவர் கூப்பிட்டார்: "அண்ணே, 'கணியம்'னு சொல்லு இருக்கு, ஆனா அதுக்கு மாதா கோயில் கோபுரத்தையும் மலையையும் நேர்வெச்சு கடல்ல இடம் பாக்குறத எழுதலியே?" அன்று இரவே அதைச் சேர்த்து மின்னூல் கோப்பை மாற்றினேன். அந்த அழைப்புக்காகவே பல கடைகளில் வைக்கலாம்.